எண் ஒன்றும் நான்காம் குழுவும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள காட்டில் மார்ச் மாதம் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் முதல் தடவை கலந்துகொண்டேன். புதியவள் என்பதால் கடைசிக் குழுவில் நிறுத்தினார்கள். குறித்த நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு 'மெர்க்கே' என்று ஒரு சிறிய உலோகச் சின்னம் கொடுப்பார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை.

2. அடுத்த ஆண்டு முன்னால் உள்ள குழு ஒன்றில் நிற்க வேண்டுமென்றால், அதற்கு முன் வேறொரு ஓட்டத்தில் நல்ல நேரம் காட்ட வேண்டும். அதனால் ஜனவரியில் ஒரு குறுகிய ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

3. அந்த ஓட்டத்தில் எல்லோரையும் ஒன்றாக விடமாட்டார்கள். அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். குலுக்கலில் எனக்கு எண் ஒன்று விழுந்தது.

4. முதலில் புறப்பட்டேன். வழியில் யாரும் என்னை முந்தவில்லை. முதலில் வந்து சேர்ந்தேன்.

5. முடிவுக்கோட்டருகே நின்ற அப்பாவும் அம்மாவும் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தார்கள்.

6. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அப்பா நாங்கள் குடியிருக்கும் ரொம்மனுக்கு, மாமாவுக்கு, டெலிபோன் எடுத்துவிட்டார்.

7. நான் பதினோராவது.

ஐந்தையும் ஆறையும் தவிர மற்றவை யாருக்கும் நடக்கக்கூடியவை. அந்த இரண்டும் எங்கள் வீட்டில்தான் நடக்கும்.

நான் முடிவுக்கோட்டைக் கடந்து, சறுக்குக் கோல்கள் இரண்டிலும் தொங்கிக்கொண்டு நின்றபோது அம்மா மீன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்திருந்தாள். நேரம் குறிக்கும் மேசையில் இருந்த இரண்டு நோர்வேஜியப் பெண்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று. அவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, எதற்கு என்று தெரியாமலே நன்றி சொல்லித் தின்றுகொண்டிருந்தார்கள். அப்பா கைபேசியைக் காதோடு வைத்து, காடு முழுவதும் கேட்கும்படி கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், ஓம், எங்கடை பிள்ளைதான். கண்ணாலை கண்டனாங்கள். எல்லா வெள்ளையளும் பின்னாலை!"

"அப்பா, டெலிபோனை வையுங்கோ," என்றேன்.

"ஏன் பிள்ளை? மாமாவோடைதான் கதைக்கிறன்."

"நான் வெல்லேல்லை. இன்னும் ஆக்கள் வரவேணும்."

"வரட்டும். அவை பிந்தித்தானே வருகினம்?"

என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் தோழி அன்று காரில் எங்களைக் கூட்டிவந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அவளும் அப்பாவின் பக்கம்தான்.

"கண்ணு முன்னாடி நீதான ஃபர்ஸ்ட் வந்த? அப்புறம் என்ன?"

"எனக்குப் பின்னாடி கிளம்பினவங்க என்னைவிடக் குறைஞ்ச நேரத்துல வந்தா அவங்கதான் முன்னாடி," என்று அவளுடைய தமிழிலேயே சொன்னேன். அவளோடு பேசும்போது என் தமிழ் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அம்மாவுக்கு அது பிடிக்காது. படத்தில் கதைக்கிறவை மாதிரிக் கதைக்கிறாய் என்பாள்.

"இது என்னப்பா நியாயம்? அப்ப எதுக்கு உன்னை முதல்ல விட்டாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தவள் வந்தாள், பிறகு அடுத்தவள். ஒவ்வொருவர் வரும்போதும் நேரம் காட்டும் பலகையில் என் பெயர் ஒரு படி இறங்கியது, அல்லது அப்படியே நின்றது. அம்மா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்காவது படிக்கு இறங்கியபோது ரோல்ஸ் பெட்டியை மூடினாள். கடைசி ஆளும் வந்து முடிந்தபோது நான் பதினோராவதில் நின்றேன். எனக்குக் கீழே முப்பதுக்கு மேல் பெயர்கள். எனக்குத் தேவைப்பட்ட நேரத்துக்குள் வந்திருந்தேன். மார்ச் ஓட்டத்தில் கடைசிக் குழுவிலிருந்து நான்காம் குழுவுக்கு ஏறிவிட்டேன். அதற்காகத்தான் வந்தேன், அது கிடைத்தது. என் மகிழ்ச்சியை நான்கு பேரில் நான் ஒருத்திதான் அறிந்திருந்தேன்.

காரில் திரும்பி வரும்போது, ரொம்மனுக்கு அருகே ஹவுகன்ஸ்டுவாவைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்: "இப்ப மாமாவுக்கு என்ன சொல்லுறது?"

"என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அப்பா. "முதல் வந்தவ எண்டுதான் சொன்னனான். வெண்டவ எண்டு நான் சொன்னனானே?"

அந்த வாரம் முழுவதும் ரொம்மனில் தமிழ்க் கடையிலும், வாடகை வீட்டுப் படிக்கட்டிலும், சலவை அறையிலும் என்னைச் 'சம்பியன்' என்று கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேருக்கு விளக்கிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் நின்று முதுகு விட்டுப்போன பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அந்த வேலைக்குப் படித்தார். நான் பனிச்சறுக்குப் பழகியது ஹம்மர்பெஸ்டில், பாலர் பள்ளியில். அங்கே நடக்கப் பழகுவதும் சறுக்கப் பழகுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் தங்கள் வாழ்நாளில் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டையில் ஏறியதில்லை. ஆனால் பேருந்து என்றால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அதனால் ஓட்டத்தன்று மாலையே சாப்பாட்டு மேசையில் பேருந்தை வைத்தே தொடங்கினேன்.

"அப்பா, உங்கடை லைனிலை பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் வெளிக்கிடுது. காலமை முதல் வெளிக்கிட்ட பஸ்தானே முதல் போய்ச் சேரும்?"

"வேறை என்னெண்டு?"

"அப்ப அந்த பஸ்தான் திறமாய் ஓடின பஸ்ஸோ?"

அப்பா புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "இல்லை. அது தன்ரை நேரத்துக்குப் போனதோ எண்டு பாக்கவேணும்."

"அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் தன்ரை தன்ரை நேரம்."

"பின்னாலை வாற பஸ் என்னைப் பிடிச்சிட்டா, நான் பிந்திப்போனன்." அவர் மெல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "உன்னை எத்தினை பேர் பிடிச்சவை?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. ஆனா பத்துப் பேர் எனக்குத் தெரியாமல் எனக்குக் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தவை."

"உனக்குத் தெரியாமலோ?"

"நான்தானே முதல் ஆள். முன்னுக்குப் பிடிக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. பின்னுக்குத் திரும்பிப் பாக்கவும் ஏலாது. வழியிலை ஆரும் நிண்டு நேரம் சொன்னாத்தான் தெரியும். மற்றவைக்கெல்லாம் காட்டுக்குள்ளை ஆக்கள் நிண்டு சொன்னவை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை."

அப்பா மீண்டும் புட்டைக் குழைத்தார். இரண்டாம் தடவை சம்பல் போட்டுக்கொண்டார். பிறகு, கோபம் வந்தவர் போலச் சொன்னார்: "நடுவிலை ஆரும் நேரம் சொல்லாட்டி ஒரு டிரைவர் என்னெண்டு ஓடுறது? மார்ச்சிலை நான் நிக்கிறன்."

"அப்பா, அது வேறை மாதிரி. அங்கை குழுக் குழுவாய் எல்லாரையும் ஒண்டாய்த்தான் விடுவினம்."

"பின்னை என்ன, அங்கை முதல் வாறவர்தான் முதல்."

"குழு ஒவ்வொண்டும் வேறை வேறை நேரத்துக்கு வெளிக்கிடும். எனக்கு முதல் ஆள் தேவையில்லை, மெர்க்கேதான் தேவை. அதுக்கும் நேரந்தான்."

"அப்ப நிக்கத்தானே வேணும்!" என்றார்.

மெர்க்கேயின் கணக்கு இதுதான்: அந்தந்த வயதுப் பிரிவில் முன்னால் வருகிற சிலரின் நேரத்தை எடுத்து, அதோடு ஒரு பங்கைக் கூட்டுவார்கள். அதற்குள் வந்தால் சின்னம் உண்டு. அன்றைக்குப் பனி எப்படி, காற்று எப்படி என்பதைப் பொறுத்து அந்த எல்லை மாறும். ஆகவே முன்னால் ஓடுகிறவர்கள் வந்து முடிக்கும்வரை, பின்னால் ஓடுகிற எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே தெரியாது. நான் மின்பொறியியல் படித்தவள். சுரங்கப் பாதைகளின் காற்றோட்ட விசிறிகளைக் கணக்கிடுவது என் வேலை. ஓட்டத்தின் நடுவில் எல்லை தெரியவரும் ஒரு கணக்கு எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, மிகவும் பிடித்தும் இருந்தது.

எனக்கு இயல்பில் பிடித்தது, ஒவ்வொருவராக விடும் இடைவெளித் தொடக்கம். அதில் நான், தடம், கடிகாரம் மூன்றும்தான். யாருடைய முழங்கையும் கிடையாது. கூட்டுத் தொடக்கம் வேறு உலகம். முதல் ஆண்டு கடைசிக் குழுவில் நின்றபோது என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கோல்களை ஊன்றினார்கள். என் ஸ்கீயின் வாலில் ஒருவர் ஏறினார். ஒருவர் என் கோலை மிதித்தார். மன்னிப்புக் கேட்டது நான். முதல் ஏற்றத்தில் காட்டுப் பாதை ஒடுங்கியபோது வரிசை அசையாமல் நின்றுவிட்டது. யாராவது பக்கத்தில் வந்து நின்றால் நான் விட்டுக்கொடுத்தேன். அவர்கள் பெரியவர்கள், அப்பாவின் வயது, அம்மாவின் வயது. வீட்டுக் கதவருகே பெரியவர்களுக்கு அப்படித்தான் வழிவிட்டு நிற்கப் பழகியிருக்கிறேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வேகமாக வருகிறவர் "லோய்ப்பே!" என்று கத்துவார். தடம் விடு என்று பொருள். முன்னால் போகிறவர் ஒரு கணம் ஒதுங்கி வழி விடுவார். யாரும் கோபிப்பதில்லை. எனக்கும் பலர் அப்படிக் கத்தினார்கள், நான் ஒதுங்கினேன். ஆனால் எனக்கு முன்னால் ஒரு நரைத்த தலை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. அவருக்குப் பின்னாலேயே போனேன். அந்த ஆண்டு மெர்க்கே தவறியது கால் வலுக் குறைவால் அல்ல என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் அடுத்த ஆண்டு திரும்பிப் போனேன்.

இரண்டாம் மார்ச்சுக்கு முதல் நாள் சமையலறையில் ஸ்கீக்கு நீல மெழுகு தேய்த்தேன். மெழுகு உருக்குவதற்கென்று ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி வைத்திருந்தேன். அதை ஆறட்டும் என்று வைத்துவிட்டு நான் குளிக்கப் போன நேரத்தில் அப்பா தன் வேலைச் சட்டையை எடுத்து அதனாலேயே தேய்த்துவிட்டார்.

"என்ன பெட்டியப்பா இது, சட்டையெல்லாம் நீலம்!" என்று அவர் கத்தியது குளியலறைக்குக் கேட்டது.

"நல்லது," என்றாள் அம்மா. "நாளைக்கு நீங்களும் வழுக்கிக்கொண்டு போகலாம்."

ஓட்டத்தன்று அப்பாவுக்குப் பிற்பகல் வேலைமுறை. காலை முழுவதும் காட்டில் நின்றுவிட்டு அப்படியே வேலைக்குப் போவது என்று ஏற்பாடு. நான் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தேன். முதலாவது, தோழி முடிவிடத்தில் நிற்பாள். என் வயதுப் பிரிவில் முன்னால் வருகிறவர்களின் நேரத்தைப் பலகையில் பார்த்து அப்பாவுக்கு டெலிபோனில் சொல்வாள். இரண்டாவது, அப்பா காட்டுப் பாதை வீதியைக் கடக்கும் இடத்தில் நிற்பார். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் மிச்சம் இருக்கும். எல்லையைக் கணக்கிட்டு, நான் முந்தியா பிந்தியா என்று கத்துவார். மூன்றாவது, அம்மாவுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் தானே ஒரு வேலை எடுத்துக்கொண்டாள்: இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த தண்ணீர், சுடச்சுட.

நான்காம் குழு வேறு மாதிரியான கூட்டம். இங்கே யாரும் சிரிக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் தங்கள் தடத்திலேயே போனார்கள். முதல் ஏற்றத்தில் நெரிசல் இருந்தது, ஆனால் வரிசை நகர்ந்தது. என் கோலை ஒருவர் மிதித்தார். நான் இழுத்துக்கொண்டு ஏறினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

உறைந்த ஏரியை அடைந்தபோது எதிர்காற்று. அங்கே ஒரு சிறு கூட்டம் சேர்ந்துகொண்டது. முன்னால் சிவப்புத் தொப்பி போட்ட அகலமான ஒரு மனிதர், அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், கடைசிக்கு முன்னால் நான். அவருடைய முதுகு காற்றை வாங்கிக்கொண்டது. கூட்டுத் தொடக்கத்தின் சுகம் அதுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். யாரோ ஒருவரின் தாளத்துக்கு என் கையும் காலும் தானாகப் போயின. மூச்சுச் சீராக இருந்தது. நன்றாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

வீதியைக் கடக்கும் இடத்தில் அப்பாவைத் தூரத்திலேயே கண்டேன். பேருந்து ஓட்டுநரின் மேல்சட்டை, காதை மூடும் கம்பளித் தொப்பி, ஒரு கையில் கைபேசி, மறு கையில் கைக்கடிகாரம். மற்றவர்களின் உறவினர் மணி ஆட்டி "ஹையா, ஹையா" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தரிப்பிடத்தில் யாரோ பின்கதவைத் தட்டினால் கத்துவது போலக் கத்தினார்.

"பிள்ளை! ஒண்டரை நிமிசம் பிந்தி!"

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"பிந்தி! பிந்தி! இந்தக் கூட்டமே பிந்தித்தான் போகுது!"

அம்மா குவளையோடு தடத்துக்குள் வந்துவிட்டாள். "ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

"விடப்பா அவளை! குடிச்சா ரெண்டு நிமிசம் பிந்தும்!"

"வெறும் வயித்திலை எப்பிடி ஓடுறது? நீங்கள் சும்மா இருங்கோ!"

ஓடிக்கொண்டே ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது. குவளை பனியில் எங்கோ விழுந்தது. பின்னால் இருவரும் இன்னும் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு காடு மூடியது, சத்தம் நின்றது. எனக்கு முன்னால் அந்த முதுகுகள் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. இதமாக இருந்த அந்த வேகத்தில் போனால் சின்னம் கிடையாது என்று இப்போது தெரிந்துவிட்டது. கூட்டத்தைவிட்டு வெளியே போனால் தனியாக, யாருடைய முதுகும் இல்லாமல், மிச்சத் தூரம் முழுவதையும் ஓட வேண்டும். நடுவில் களைத்துவிட்டால் இந்தக் கூட்டமே என்னைக் கடந்து போகும். இரண்டு வழிகளையும் மனதில் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதை எடுத்தேன். இப்போதிலிருந்து இது இடைவெளித் தொடக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் இப்போதுதான் புறப்படுகிறேன், எண் ஒன்று, முன்னால் யாரும் இல்லை.

ஆனால் முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். பக்கத்துத் தடத்திலும் ஆட்கள்.

"லோய்ப்பே!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதல் ஆள் ஒதுங்கினார். அடுத்தவர் ஒதுங்கினார். சிவப்புத் தொப்பிக்காரரின் பின்னால் வந்தபோது அவர் காதோரம் நரைத்திருந்ததைக் கண்டேன். அப்பாவைவிட மூத்தவர், ஒரு மணிநேரம் எனக்காகக் காற்றை வாங்கியவர். ஒரு கணம் தயங்கி, பிறகு நெஞ்சு முழுவதும் மூச்செடுத்துக் கத்தினேன். அவர் உடனே ஒதுங்கி, நான் கடக்கும்போது, "போ, பெண்ணே, போ!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினார். அதில் கோபம் ஒரு துளியும் இல்லை.

கடைசித் தூரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைகள் முதலில் போயின, பிறகு தொடைகள். எத்தனை பேரிடம் தடம் கேட்டேன் என்று தெரியவில்லை. முடிவிடத்துக்கு இறங்கும் சரிவிலும் விழவில்லை.

தோழி வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு முன்னாடி நானூறு பேராவது வந்திருப்பாங்க," என்றாள். "எண்ணவே முடியல. ஆனா நீ என்னமோ ஜெயிச்ச மாதிரி சிரிக்கிற."

"பலகையைப் பார்," என்றேன். பேச முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தானே ஓடிய மாதிரி மூச்சு வாங்கினாள். "உள்ள வந்துட்ட! இருபத்திரெண்டு செகண்ட் மிச்சம்! ஏய், உள்ள வந்துட்டடி!" பிறகு என் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்து, அவளுடைய ஊரில் யாருக்கோ டெலிபோன் எடுத்து, தன் தோழிக்கு மெடல் கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். நான் திருத்தவில்லை.

அப்பா அதற்குள் வேலைக்குப் போயிருந்தார். பேருந்து ஓடும்போது அவர் கைபேசியை எடுக்கமாட்டார். கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரம் எனக்குத் தெரியும். அதுவரை காத்திருந்து டெலிபோன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

எத்தனையாவது என்று அவர் கேட்கவில்லை.

"நேரத்துக்கு வந்திட்டியே?" என்றார்.

"ஓம், அப்பா."

"சரி." பேருந்துக் கதவு மூடும் சத்தம் கேட்டது. "சரி, பிள்ளை. நான் வெளிக்கிடவேணும்."

அவர் அந்தச் சுற்றை நீலக் கறை படிந்த சட்டையோடுதான் ஓட்டினார். ஏறியவர்களில் தமிழ் முகமாகக் கண்ட எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். இந்தத் தடவை அவர் சொன்னது முழுக்கச் சரி: பிள்ளை நேரத்துக்குள் வந்துவிட்டாள்.

இப்போது நிலை இது. மெர்க்கே எங்கள் வீட்டு வரவேற்பறையில், என் பட்டமளிப்புப் படத்தின் சட்டகத்தில் குத்தியிருக்கிறது. நான் மூன்றாம் குழுவில் தொடங்குகிறேன். அப்பா அதே வீதிக் கடவையில் நிற்கிறார், அம்மா அதே குவளையோடு நிற்கிறாள். தோழி ஸ்கீ வாங்கிவிட்டாள். இன்னும் இறக்கத்தில் விழுகிறாள். ஜனவரி ஓட்டத்தில் நான் பதினோராவதாக வந்தேன் என்பது ரொம்மனில் பெரும்பாலானோருக்கு இன்னும் தெரியாது.